எல்லோரும் கை உயர்த்தும்போது...

"இந்தத் தீர்மானம் எல்லோருக்கும் சம்மதமா?" என்று தலைவர் கேட்கிறார். முன்வரிசையில் நான்கு கைகள் உயர்கின்றன. பின்னர் ஒவ்வொன்றாக எல்லாக் கைகளும் உயர்கின்றன. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது எனச் செயலாளர் அறிக்கைப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறார். ஆனால் ஒழுங்கையில் இறங்கி நாலடி நடந்ததும், "எனக்கு அப்பவே மனம் ஒப்பேல்லை" என்கிறார் ஒருவர். "எனக்கும் அப்பிடித்தான்" என்கிறார் மற்றவர்.

அப்படியானால் இருவரும் ஏன் கை உயர்த்தினார்கள்?

கோழைத்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம். படிக்காத சனம் அப்படித்தான் என்று சொல்வோரும் உண்டு. இரண்டும் சரியல்ல என்பதை ஐக்கிய அமெரிக்காவில் பல்கலைக்கழக, கல்லூரி மாணவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஒரு பரிசோதனை காட்டியது.

மூன்று கோடுகள்

சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் இதனை நடத்தினார். ஏழு முதல் ஒன்பது மாணவர்கள் ஓர் அறையில் அமர்ந்திருப்பார்கள். ஓர் அட்டையில் ஒரு கோடு, மற்றோர் அட்டையில் மூன்று கோடுகள். அந்த மூன்றில் எது முதற் கோட்டின் நீளமுடையது என்று ஒவ்வொருவரும் உரத்துச் சொல்லவேண்டும். பிழையான கோடுகள் முக்கால் அங்குலம் முதல் ஒன்றேமுக்கால் அங்குலம் வரை வேறுபட்டிருந்தன. சிறு பிள்ளைக்கும் தெரியக்கூடிய விடை அது. தனியே இருந்து பார்த்தவர்கள் நூற்றுக்கு ஒரு தடவைகூடப் பிழை விடவில்லை.

ஆனால் அந்த அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் முன்கூட்டியே பழக்கி வைத்தவர்கள். மொத்தம் 18 தடவைகளில் 12 தடவை அவர்கள் ஒரே பிழையான விடையை ஒருமித்துச் சொன்னார்கள். விடயம் அறியாத அந்த ஒருவர் கிட்டத்தட்டக் கடைசியாகவே தமது விடையைச் சொல்லவேண்டும்.

இவ்வாறு 123 மாணவர்கள் சோதிக்கப்பட்டனர். கூட்டம் பிழை சொன்ன வேளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 37 விடைகள் கூட்டத்தின் பக்கமே சாய்ந்தன. ஒரு தடவையும் பணியாதவர்கள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் மட்டுமே. எதிரே ஒருவர் மட்டும் இருந்தால் அவரால் பெரிதாக எதுவும் செய்யமுடியவில்லை. மூவர் சேர்ந்தபோது அழுத்தம் முழுமையாயிற்று. அதற்குமேல் ஆட்களைக் கூட்டியும் பெரிய வித்தியாசம் ஏற்படவில்லை. முன்வரிசையில் உயர்ந்த அந்த நான்கு கைகளை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் பணிந்தார்கள்?

பரிசோதனை முடிந்தபின் ஆஷ் அவர்களிடம் காரணம் கேட்டார். "அவர்கள் சொல்வதுதான் சரியாயிருக்கும்" என்று சிலர் எண்ணியிருந்தனர். சிலர் தமது கண்ணில் ஏதோ குறை என்று கருதி அதனை மறைக்க முயன்றனர். வேறு சிலர் தனித்து நிற்க விரும்பவில்லை.

ஆக, காரணங்கள் இரண்டு. ஒன்று, மற்றவர்களுக்கு நம்மைவிடத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. மற்றது, ஒதுக்கப்படுவோம் என்ற பயம். 1955இல் மோர்ட்டன் டொயிட்ஷ், ஹரோல்ட் ஜெராட் என்ற ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். பிறர் அறியாமல் விடை சொல்ல வாய்ப்பளித்தபோது பிழைகள் குறைந்தன. ஆனாலும் முற்றாக மறையவில்லை.

இடம்பெயர்ந்த குடும்பத்திற்கு இந்தப் பயம் வெறும் கூச்சமல்ல. சொந்தக் காணியில் இருந்தவனுக்கு அயலவனோடு மனஸ்தாபம் வந்தாலும் தன் கிணறும் வேலியும் இருந்தன. உறவினர் சிதறிப்போய், தண்ணீருக்கும் அவசர உதவிக்கும் அயலையே நம்பி வாழ்பவர் அந்த அயலைப் பகைக்கத் துணிவாரா? அவர் கை உயர்த்துவதைப் பழிப்பதற்கு முன் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும்.

பின்பற்றுவது எப்போதும் பிழையா?

இல்லை. ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பினச் சோள விதை பரவிய விதத்தைப் பிறைஸ் றயன், நீல் குறொஸ் ஆகிய இருவர் ஆராய்ந்து 1943இல் வெளியிட்டனர். பிறைஸ் றயன் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். அவர்கள் விசாரித்த 259 கமக்காரரில் இருவர் தவிர ஏனைய அனைவரும் 1928க்கும் 1941க்கும் இடையில் புதிய விதைக்கு மாறியிருந்தனர். விதையைப் பற்றிப் பலர் முதலில் கேள்விப்பட்டது விற்பனையாளரிடம். ஆனால் மாறுவதற்குத் துணிவு தந்தது அயலவனின் அனுபவம். அப்படியிருந்தும் அவர்கள் முழு நிலத்தையும் ஒரே போகத்தில் மாற்றிவிடவில்லை. முதலில் ஒரு சிறு துண்டில் விதைத்துப் பார்த்தார்கள்.

அயலவனைப் பார்த்து நடப்பது அறிவீனமல்ல. தன் நிலத்தில் சோதித்துப் பாராமல் நடப்பதே ஆபத்து.

ஒரேயொரு துணை

ஆஷின் பரிசோதனையில் நமக்கு மிகவும் பயன்படக்கூடிய பகுதி இனித்தான் வருகிறது. கூட்டத்தில் ஒரேயொருவர் உண்மையான விடையைச் சொல்லும்படி அவர் ஏற்பாடு செய்தார். மற்ற எல்லோரும் முன்போலவே பிழை சொன்னார்கள். ஆயினும் அந்த ஒரு குரல் கேட்டதும் பணிந்து சொல்லும் பிழைகள் நாலில் ஒரு பங்காகக் குறைந்தன. அந்த ஒருவர் கூட்டத்தோடு முரண்பட்டு, தாமும் பிழையான விடை சொன்ன வேளையிலும் பிழைகள் குறைந்தன. அவர் பாதியில் கூட்டத்தின் பக்கம் சாய்ந்தபோதோ பிழைகள் சட்டென்று ஏறின.

ஆகவே வலிமை தலைகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை, "எல்லோரும்" என்ற சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல்லை உடைக்க ஒருவர் போதும்.

நமது கூட்டங்களில்

பொதுக் கிணறு எங்கே வெட்டுவது, சுழற்சிக் கடன் யாருக்கு முதலில், திரும்பிப்போய் விதைப்பதா, இன்னொரு போகம் பொறுப்பதா என்ற முடிவுகளில் ஒரு பிழை பல குடும்பங்களின் வயிற்றில் அடிக்கும். எனவே சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொள்வது நல்லது.

தலைவரும் ஊரில் செல்வாக்குள்ளவர்களும் கடைசியில் பேசட்டும். விதவைத் தாய், இளைஞன், காணியற்ற கூலியாள் ஆகியோர் முதலில் பேசட்டும். முக்கியமான விடயங்களுக்குக் கை உயர்த்தாமல் துண்டுச் சீட்டைப் பயன்படுத்தலாம். எழுதத் தெரியாதவர் ஒரு பெட்டியில் புளியங்கொட்டையோ சிறு கல்லோ போடலாம். "யாருக்காவது எதிர்ப்பு உண்டா?" என்று கேட்டால் பெரும்பாலும் மௌனமே விடையாகும். "இதில் என்ன குறை இருக்கலாம்?" என்று கேட்டால் வாய் திறக்கும். பெரிய முடிவை ஒரே கூட்டத்தில் முடிக்காமல் ஒரு கிழமை ஆறப்போடுவதும் நன்று.

மனம் ஒப்பாதவர் சண்டை பிடிக்கத் தேவையில்லை. "எனக்கு இதில் ஒரு சந்தேகம் இருக்கிறது" என்று சொன்னால் போதும். பக்கத்திலே இருப்பவர் அந்த வார்த்தைக்காகவே காத்திருக்கக்கூடும். ஒழுங்கையில் சொல்வதைக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால், ஊர் ஒரு பிழையிலிருந்து தப்பிக்கொள்ளும்.