கச்சான் காற்றும் டீசல் இயந்திரமும்

ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெறுவதும், 56 கிலோமீற்றர் அளவு நீளமான வாவியை நடுவே கொண்டதுமான மட்டக்களப்புப் பிரதேசத்தைப் பாலைவனம் என்று எவரும் சொல்லத் துணியமாட்டார். ஆயினும் தென்மேல் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டி ஈரம் இழந்து, கிழக்குச் சரிவால் கீழிறங்கும்போது அமுக்கம் கூடுவதால் ஒவ்வொரு கிலோமீற்றர் இறக்கத்துக்கும் சுமார் 10 பாகை செல்சியஸ் வீதம் சூடேறி, கச்சான் என்ற பெயரோடு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரை வெளிகளை வந்தடையும் மாதங்களில், அங்கு நிலவுவது ஒரு குறுகிய காலப் பாலைவனமே. சிறுபோக வேளாண்மை வெட்டும், கிரவல் வீதிகளில் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரங்களின் ஓட்டமும் இதே மாதங்களில் உச்சமடைவதால், டீசல் இயந்திரங்கள் கடினமான வேலையை ஆண்டிலேயே மிகக் கெட்ட காற்றைச் சுவாசித்துக்கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது.

டீசல் இயந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைக்கத் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்று அதன் கனவளவில் பதினான்கில் ஒன்று முதல் இருபத்திரண்டில் ஒன்று வரை நெருக்கப்படும்போது 500 பாகைக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் பீச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. ஒரு லீற்றர் டீசல் முழுமையாக எரியக் குறைந்தது 12 கிலோகிராம் காற்று, அதாவது கச்சான் கால வெப்பநிலையில் பத்தாயிரம் லீற்றருக்கு மேற்பட்ட காற்று தேவை. டீசல் இயந்திரங்கள் எப்போதும் மிகைக் காற்றோடு இயங்குவதால் உண்மையில் உள்ளே போவது அதைவிடக் கணிசமாக அதிகம். சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பது உண்மையே, ஆனால் வெப்பநிலை 25 பாகையிலிருந்து 38 பாகைக்கு உயர்ந்தால் குறையும் அடர்த்தி 4 சதவீதம் அளவே என்பதால், வெக்கைதான் இயந்திரத்தைத் தின்கிறது என்ற பரவலான நம்பிக்கை பாதி உண்மைதான். வெக்கையோடு கூட வரும் தூசியும், வெக்கையைத் தணிக்க ஊற்றப்படும் நீரிலுள்ள உப்புமே பெரிய எதிரிகள்.

மணலின் பெரும்பகுதியான குவாட்ஸ் என்ற கனிமம், கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7 என்ற இடத்தில், வார்ப்பிரும்பைவிட மேலே நிற்கிறது. கண்ணுக்குத் தெரியும் பருமணல் பெரும்பாலும் வழியிலேயே படிந்துவிடும். மனித முடியின் தடிப்பு சுமார் 70 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றிருக்க, 5 முதல் 20 மைக்ரோன் வரையான நுண்துகள்களே பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டரின் உட்சுவரான லைனருக்கும் இடையிலுள்ள ஒயில் படலத்துக்குள் நுழைந்து இரண்டையும் அராவுகின்றன. ரிங் தேய்ந்தால் நெருக்கம் குறைந்து காலையில் இயந்திரம் எளிதில் இயங்க மறுக்கும்; ஒயில் மேலேறி எரிந்து நீலப் புகை வரும்; எரிந்த வாயு கீழிறங்கி ஒயிலைக் கரியாக்கும். வேளாண்மை வெட்டும் இயந்திரத்துக்கோ இன்னொரு தொல்லையும் உண்டு. நெற்பயிர் மண்ணீரிலிருந்து உறிஞ்சும் சிலிக்காவை உமியில் சேமிக்கிறது. உமியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிலிக்காவாக இருப்பதால், வவுணதீவிலோ வெல்லாவெளியிலோ வெட்டும் இயந்திரத்தைச் சூழ்ந்து எழும் மஞ்சள் புழுதி வெறும் வைக்கோல் தூளன்று, தானே கிளப்பித் தானே உறிஞ்சும் உராய்தூள்.

இதைத் தடுப்பது காற்று வடிகட்டி ஒன்றே. பழைய உழவு இயந்திரங்களில் ஒயில் கிண்ணத்தின் மேலாகக் காற்றை வளைத்து, ஒயிலில் நனைந்த கம்பி வலையில் தூசியைப் பிடிக்கும் முறை இருந்தது. கிண்ணத்தின் அடியில் சேறு தடித்தால் அதன் வேலை முடிந்தது, உடனே கழுவி ஒயில் மாற்ற வேண்டும். இன்றைய கடதாசி வடிகட்டி அதைவிட நுண்ணியது, ஆனால் விரைவில் அடைபடுவது. 2001இல் ஓமான் பாலைவனத்தில் பிரித்தானிய இராணுவம் நடத்திய பயிற்சியில், டீசலில் ஓடும் சலஞ்சர் 2 டாங்கிகளின் வடிகட்டிகள் மென்தூசியில் சில மணி நேரத்திலேயே அடைபட்டுப் போனமை, செல்வமிக்க இராணுவத்துக்கும் தூசி விலக்களிப்பதில்லை என்பதைக் காட்டியது. அதற்காக வடிகட்டியை நாள்தோறும் கழற்றித் தட்டுவதும், கொம்பிரசர் காற்றை முழு வேகத்தில் அடிப்பதும் புத்திசாலித்தனமன்று. அதனால் கடதாசி கிழியும், ஓரத்து ரப்பர் சிதையும், கழற்றும் ஒவ்வொரு தடவையும் சிறிது தூசி சுத்தமான பக்கம் விழும். மேற்பரப்பில் மெல்லிய தூசிப் படை ஏறிய வடிகட்டி புதியதைவிடத் துப்புரவாக வடிக்கும் என்பது பலர் நம்ப மறுக்கும் உண்மை. வடிகட்டிக்கும் இயந்திரத்துக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய் வெயிலில் வெடித்திருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த வடிகட்டி போட்டும் பயனில்லை.

உப்பின் கதை லேண்ட் மாஸ்டர் எனப்படும் இருசில்லு உழவு இயந்திரத்தில் தெளிவாகத் தெரிகிறது. இவற்றுள் பலவற்றில் ரேடியேற்றர் இல்லை; சிலிண்டருக்கு மேலுள்ள திறந்த தொட்டியில் நீர் கொதித்து ஆவியாகும்போது, ஒவ்வொரு கிலோகிராமும் சுமார் 2,260 கிலோயூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நீர் 100 பாகையிலேயே கொதிப்பதால், கச்சான் எவ்வளவு அடித்தாலும் இயந்திரத்தின் சூடு ஏறுவதில்லை. நீர் இருக்கும்வரை அதைவிட நம்பகமான குளிரூட்டி வேறில்லை. ஏழு கிலோவாற்று வலுவுள்ள இயந்திரம் முழுப் பாரத்தில் உழும்போது அதே அளவு வெப்பம் நீருக்குள் போவதாகக் கொண்டால், மணிக்குச் சுமார் 10 லீற்றர் ஆவியாகும். தொட்டியிலுள்ள சிவப்பு மிதவை தாழத் தாழ உழவர் அருகிலுள்ள நீரை எடுத்து ஊற்றுவார். ஆவியாவது நீர் மட்டுமே, அதில் கரைந்திருந்தவை அங்கேயே தங்கும். பத்து லீற்றர் கொள்ளும் தொட்டி அந்த வீதத்தில் பத்து மணி நேரம் வேலை செய்தால், மாலையில் அதனுள் வந்துசேர்ந்திருக்கும் உப்பு காலையில் இருந்ததைப்போல் பத்து மடங்குக்கும் மேல். கோடையில் உவர்ப்பு ஏறிய வாவி நீரானால் இரும்பு அரிக்கும்; வன்னீரானால் சுண்ணாம்புப் படிவு சிலிண்டரின் வெளிச்சுவரில் தடிக்கும். அப்படிவு வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இருபது மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்துவதால், தொட்டி நிறைய நீர் இருந்தும் உள்ளே பிஸ்டன் இறுகும். மாரியில் சேமித்த மழைநீரை ஊற்றுவதும், வேலை முடிந்து இயந்திரம் ஆறியபின் தொட்டியை முழுதாக வடித்துவிடுவதும் போதும். வற்றிச் சூடேறிய தொட்டியில் குளிர்நீரை ஊற்றினால் வார்ப்பு வெடிக்கும்.

ரேடியேற்றர் உள்ள இயந்திரங்களில் அடைப்பது உமியும் பதரும். அவற்றைக் காற்று வீசும் திசைக்கு எதிராக, உள்ளிருந்து வெளியே, மெதுவான காற்றால் தள்ள வேண்டும். சூடான நாட்டுக்குத் தேவையில்லை என்று கராஜ்களில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது பழக்கமாகிவிட்டது. இது தவறான வைத்தியம். இயந்திரம் உரிய சூட்டை அடையத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் எரியாத டீசல் ஒயிலில் கலந்து தேய்மானத்தைக் கூட்டும். சில வடிவமைப்புகளில் அந்த வால்வு இல்லாவிட்டால் நீரின் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே சுற்றிவருவதால், குளிர்ச்சிக்காகக் கழற்றியது சூட்டையே கூட்டும்.

டீசல் பம்பின் உள்ளிடைவெளிகள் சில மைக்ரோன் மட்டுமே என்பதால், 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வலுப்பெற்ற கேன்களில் சேமிக்கும் பழக்கம் பாராமுகமாக விடத்தக்கதன்று. திறந்து மூடும் கேன் கச்சானில் தூசியையும், ஐப்பசி பிறந்தபின் ஈரத்தையும் வாங்கிக்கொள்ளும். நீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வடிகட்டியைச் சளியால் அடைக்கும். மாலையில் தாங்கியை நிரப்பிவிட்டால் இரவில் ஈரக்காற்று புகுந்து நீராகப் படிய இடமிராது. டீசல் வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி நீரை வடிப்பதும் சில நிமிட வேலையே.

தூசி மிகுந்த சூழலில் ஒயிலையும் வடிகட்டியையும் வழமையைவிட முன்னதாக மாற்றும்படி உற்பத்தியாளர்களின் கையேடுகள் சொல்கின்றன. கச்சான் தொடங்குமுன், வடிகட்டிக்கு அப்பாலுள்ள ரப்பர் குழாயைக் கழற்றி அதன் உட்புறத்தை விரலால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். விரலில் புழுதி ஒட்டினால் குழாயையும் அதன் கிளிப்பையும் அன்றே மாற்றிவிடுங்கள், ஏனெனில் லைனரும் பிஸ்டனும் ரிங்கும் மாற்றி இயந்திரத்தை இறக்கி ஏற்றும் செலவோடு ஒப்பிட்டால் அந்தக் குழாயின் விலை கணக்கிலேயே வராது.