படுக்கையருகே ஒரு வகுப்பறை

கரையில் நின்றே நீச்சல் கற்றவர் எவருமில்லை. நோயாளியைப் பேணும் கலையும் அப்படித்தான். பாடநூலும் விரிவுரையும் அதற்கு அடித்தளமிடலாம். கற்றது கைவருவது நோயாளியின் படுக்கையருகேதான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் தம் மாணவர்களை விரிவுரைக் கூடத்திலிருந்து வார்டுக்கு அழைத்துச் சென்றது இதனால்தான்.

நூறாண்டுகள் கடந்தும் நம் மருத்துவமனைகள் பலவற்றில் காணும் காட்சி என்ன? ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்து, பதினைந்து மாணவர்கள். முன்வரிசையில் நிற்போர் நோயாளியைப் பார்க்கின்றனர். பின்வரிசையில் நிற்போர் முன்வரிசையின் முதுகைப் பார்க்கின்றனர். ஆசிரியர் வினவுகிறார், யாரும் வாய் திறவாததால் விடையையும் அவரே கூறிவிடுகிறார். மாலையில், மூத்த மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி ஒப்படைத்தால் அன்றைய பயிற்சி முடிந்தது.

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். படிப்பில் 2019 முதலும், பி.எஸ்சி. செவிலியப் படிப்பில் 2021-22 கல்வியாண்டு முதலும் திறன்சார் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. என்ன தெரியும் என்பதைவிட, என்ன செய்ய இயலும் என்பதே அதன் அளவுகோல். பாடத்திட்டம் மாறிவிட்டது; படுக்கையருகே கற்பிக்கும் முறையும் மாற வேண்டாமா? செவிலிய மாணவியரை வார்டுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் என்ற முறையில், பெரும் பொருட்செலவின்றியே இது கைகூடும் என நான் நம்புகிறேன்.

முதல் வழி, 1992-இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் வகுத்தளித்த ஐந்து படிநிலைகள். வேலைப்பளு மிகுந்த இடத்திலும் சில நிமிடங்களில் கற்பிப்பதற்காக உருவானது அது. எடுத்துக்காட்டாக, வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்த ஒருவரின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 118 இருப்பதாக மாணவி வந்து சொல்கிறார் என்று கொள்வோம். உடனே காரணத்தை விளக்காமல், 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்க வேண்டும். 'வலியாக இருக்கலாம்' என்கிறார் அவர். 'எதை வைத்துச் சொல்கிறாய்?' என்பது அடுத்த வினா. நோயாளி முகம் சுளித்ததைக் கண்டவர், காயத்தின் கட்டையும் சிறுநீரின் அளவையும் பார்க்கவில்லை என்பது அப்போது வெளிப்படும். மூன்றாவதாக, ஒரேயொரு பொதுவிதி: உள்ளே ரத்தம் கசிந்தால், ரத்த அழுத்தம் குறைவதற்கு முன்பே நாடித்துடிப்பு உயரக்கூடும். நான்காவதாக, கருவியை மட்டும் நம்பாமல் முழு நிமிடம் விரல் வைத்து எண்ணியதைப் பாராட்ட வேண்டும். இறுதியாக, விடுபட்டதைத் தனியே, தணிந்த குரலில் சுட்டிக்காட்ட வேண்டும். ஆசிரியரின் விளக்கம் மறந்துபோகலாம்; தானே ஒரு முடிவைச் சொல்லி, அதற்குக் காரணமும் தேடிய அனுபவம் எளிதில் மறவாது.

இரண்டாவது, பார்வையாளராக எவரையும் நிற்க விடாமை. புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது ஒரு மாணவி கட்டுகிறார் என்றால், மற்றொருவர் நோயாளியின் முகத்தை மட்டும் கவனிக்கட்டும். இன்னொருவர் கைத்தூய்மை எங்கே தவறியது என்று பார்க்கட்டும். வேறொருவர் மருந்துச் சீட்டைச் சரிபார்க்கட்டும். பின்னர் நால்வரும் தாம் கண்டதைச் சொல்லும்போது, ஒரே நிகழ்வு நான்கு பாடங்களாக விரியும்.

மூன்றாவது, நோயாளியையே ஆசிரியராக்குதல். இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுடன் வாழும் ஒரு மூதாட்டி, இன்சுலின் மருந்தைக் குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் எவ்வாறு காக்கிறார் என்பதைப் பாடநூலைவிட அவரே நன்கு கூறுவார். அதேபோல, வீடு திரும்பும் நோயாளிக்கு மருந்து உண்ணும் முறையை எளிய தமிழில் விளக்கும் பொறுப்பை மாணவியிடம் அளிக்கலாம். விளக்கியதை நோயாளி தம் சொற்களில் திருப்பிச் சொன்னால்தான் அந்தப் பாடம் நிறைவுபெறும். 'புரிந்ததா?' என்ற கேள்விக்குத் தலையசைப்பது புரிதலாகாது.

நான்காவது, பயிற்சி நேரத்தின் இறுதியில் பதினைந்து நிமிட உரையாடல். இன்று எது என்னை வியக்க வைத்தது, எங்கே தடுமாறினேன், நாளை எதை மாற்றிச் செய்வேன் என்னும் மூன்று வினாக்கள் போதும். தடுமாற்றத்தை அச்சமின்றிச் சொல்ல இடமளிக்கும் வகுப்பில்தான், பின்னாளில் பிழையை மறைக்காத செவிலியர் உருவாவார்.

இவை அனைத்துக்கும் மேலான நெறி ஒன்றுண்டு. கட்டிலில் இருப்பவர் பாடப்பொருள் அல்லர். வலியோடு படுத்திருக்கும் மனிதர். மாணவி தம்மைத் தொடுவதற்கு அவரிடம் இசைவு பெறுவதும், திரையை இழுத்துவிடுவதும், அவர் மறுத்தால் விலகி நிற்பதும் பயிற்சியின் முதல் பாடம். ஏழை என்பதாலேயே ஒருவரின் இசைவை எவரும் கேளாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது.

வார்டுகளில் ஆள் பற்றாக்குறை உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அதை ஈடுகட்டும் கூடுதல் கைகளாக மட்டுமே மாணவியரைக் கருதுவது, இன்றைய தேவைக்காக விதைநெல்லைச் சமைத்து உண்பதற்கு ஒப்பாகும். வார்டில் கற்பிக்கும் செவிலியருக்கு அதற்கெனப் பயிற்சியும் நேரமும் ஒதுக்கப்பட வேண்டும். ரெக்கார்டு நோட்டின் அழகுக்கு அளிக்கும் மதிப்பெண்ணைவிட, படுக்கையருகே மாணவி சிந்திக்கும் விதத்துக்கு அதிக மதிப்பெண் அளிக்கப்பட வேண்டும்.

படிப்பு முடித்துச் செல்லும் மாணவி, ஒருநாள் நள்ளிரவுப் பணியில் ஒரு வார்டு முழுவதையும் தனியே பார்த்துக்கொள்ள நேரும். ஒரு நோயாளியின் நாடித்துடிப்பு உயரும் அந்த நேரத்தில் அருகில் ஆசிரியர் இருக்கமாட்டார். 'ஏன்?' என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் பழக்கம் மட்டுமே துணை நிற்கும். அந்தப் பழக்கத்தை ஊட்டுவதே மருத்துவமனைப் பயிற்சியின் நோக்கமாக இருக்க வேண்டும்.