ஆங்கில வினையில் காலமும் நோக்கும்

ஆங்கிலத்தில் பன்னிரண்டு காலங்கள் உள்ளன என்று பள்ளி இலக்கண நூல்கள் அட்டவணையிட்டுக் காட்டினாலும், அம்மொழியின் வினைச்சொல் தன் வடிவ மாற்றத்தால் உணர்த்தும் காலங்கள் நிகழ்காலம், இறந்தகாலம் ஆகிய இரண்டே என்பது மொழியியலாளர் பலரின் முடிவாகும். 'ஒர்க்' என்பது 'ஒர்க்டு' எனத் திரிந்து இறந்தகாலம் காட்டுவதுபோல் எதிர்காலம் காட்ட அங்கு விகுதி இல்லாமையால், 'வில்', 'ஷல்' முதலிய துணைவினைகள் அப்பணியை ஏற்கின்றன. எதிர்கால நிகழ்ச்சியை முன்னறிந்து கூறுமிடத்துத் தன்மைக்கு 'ஷல்', முன்னிலைக்கும் படர்க்கைக்கும் 'வில்' என்ற விதியை, 1653இல் லத்தீனில் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்தில் ஜான் வாலிஸ் வகுத்தார். இன்றைய வழக்கிலோ 'வில்' மூவிடத்துக்கும் பொதுவாகிவிட்டது.

இரண்டு வடிவங்கள் பன்னிரண்டாகப் பெருகக் காரணம் வினைநோக்கு ஆகும். ஒரு செயல் எப்போது நிகழ்ந்தது என்பதைக் காலம் கூற, அது முடிந்ததாகவோ நடந்துகொண்டிருப்பதாகவோ பேசுபவர் கொள்ளும் பார்வையை வினைநோக்கு கூறுகிறது. 'பி' என்ற துணைவினையின் வடிவங்களோடு 'இங்' ஈறு பெற்ற வினை சேர்ந்தால் தொடர்நிலையும், 'ஹேவ்' என்பதோடு வினையின் மூன்றாம் வடிவம் சேர்ந்தால் நிறைவுநிலையும், இவை இரண்டும் கலந்தால் நிறைவுத் தொடர்நிலையும் பிறக்கின்றன. இவற்றோடு இயல்புநிலையையும் கூட்டி முக்காலத்தோடு உறழ்ந்தால் பன்னிரண்டாகும்.

இவற்றுள் கற்பவரைப் பெரிதும் இடறச் செய்வது நிகழ்கால நிறைவுநிலையே. 'ஐ லாஸ்ட் மை கீ' என்பது சாவி தொலைந்த செய்தியை மட்டும் சொல்வதால், அது பின்னர் கிடைத்திருக்கவும் கூடும். 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ' என்றாலோ, சாவி இன்னும் கைக்கு வரவில்லை என்ற இப்போதைய நிலை அதில் அடங்குகிறது. அமெரிக்க வழக்கு இத்தகைய இடங்களில் இயல்பான இறந்தகாலத்தையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால், 'யெஸ்டர்டே' போன்று முடிந்துபோன பொழுதைச் சுட்டும் சொல் நிகழ்கால நிறைவுநிலையோடு வருவதைப் பொது ஆங்கில வழக்கு ஏற்பதில்லை. 'அவர் நேற்று வந்திருக்கிறார்' என்பது தமிழில் வழுவன்று ஆதலால், அப்பழக்கத்தில் 'ஹீ ஹேஸ் கம் யெஸ்டர்டே' என்று எழுதிவிடுவது தமிழர்க்கு எளிதாகிறது.

ஆகவே வாய்பாட்டை மனப்பாடம் செய்வதைவிட, சொல்லப்படும் செயல் கடந்த பொழுதோடு முடிந்ததா, இன்றைய பொழுதைத் தொடுகிறதா என்று வினவிப் பார்ப்பதே பயன்தரும். 'ஷீ லிவ்டு இன் லண்டன் ஃபார் டென் இயர்ஸ்' என்ற தொடரில் அப்பெண்ணின் லண்டன் வாழ்வு முடிந்துவிட்டது. 'லிவ்டு' என்பதற்கு முன் 'ஹேஸ்' சேர்ந்தாலோ, அவர் பெரும்பாலும் இன்றும் அங்கேயே வாழ்பவராகக் கொள்ளப்படுவார்.