காட்டுக்குள்ளே ஒரு ராத்திரி: காட்டேஜ் எடுக்கும் முன் தெரிந்துகொள்வோம்



வருசம் பூரா வீடு, வேலை, குழுக் கூட்டம், பேங்க் என்று ஓடிக்கொண்டே இருக்கிறோம். "ஒரு நாளாவது எங்கேயாவது போய் நிம்மதியா இருந்துட்டு வரலாம்" என்ற பேச்சு பல குழுக்களில் வருகிறது. கோயில் சுற்றுலா போனவர்கள் இப்போது காட்டுப் பக்கம் காட்டேஜ் எடுத்துத் தங்கவும் ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் காட்டேஜ் என்பது டவுன் லாட்ஜ் மாதிரி கிடையாது. அதைச் சுற்றி இருப்பது யானையின் வீடு.

எங்கே தங்கலாம்?

கோவை மாவட்டம் காரமடையைத் தாண்டி பில்லூர் அணைப் பக்கம் பரளிக்காடு இருக்கிறது. அங்கே வனத்துறை பரிசல் சவாரி நடத்துகிறது. உள்ளூர் பழங்குடிப் பெண்கள் சமைத்துப் போடுகிறார்கள். பக்கத்திலேயே பூச்சமரத்தூரில், பவானி ஆற்றோரமாக, தங்குவதற்கு வனத்துறை காட்டேஜ் உண்டு. முன்பதிவு செய்யாமல் போகக்கூடாது. இப்படிப்பட்ட இடத்தில் நாம் கொடுக்கும் பணம் நம்மைப் போன்ற பெண்களுக்கும் போய்ச் சேருகிறது.

தனியார் காட்டேஜ் என்றால்?

அட்வான்ஸ் கொடுக்கும் முன் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். வாடகை மலிவு என்று மட்டும் பார்க்க வேண்டாம். நீலகிரியில் யானைகள் போய்வரும் வழித்தடத்தில் ரிசார்ட்டுகள் இருக்கக்கூடாது என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. மசினகுடியில் தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானை மீது சிலர் எரியும் பொருளை வீசினார்கள். காயம்பட்ட அந்த யானை 2021 ஜனவரியில் இறந்தது. அந்த மாதிரி இடத்துக்கு நம் காசு போகலாமா?

வழித்தடத்தை அடைத்தால் யானை வேறு வழி தேடி ஊருக்குள் வரும். பயிரும் உயிரும் போவது அங்குள்ள ஏழைக் குடும்பங்களில்தான்.

தங்கும்போது

1. இருட்டிய பிறகு வெளியே நடக்க வேண்டாம். கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள்.
2. பழம், சோறு, மீந்த சாப்பாட்டை வெளியே வைக்காதீர்கள். வாசனைக்கு யானை, கரடி, பன்றி வரும்.
3. பாட்டு, பட்டாசு, நெருப்பு மூட்டுவது கூடாது.
4. பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது வேண்டாம். 108க்குப் போன் செய்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். செல்போன் டவர் கிடைக்காத இடமானால் வாகன வசதியை முன்பே பேசி வையுங்கள்.
5. டார்ச், போர்வை, தினமும் போடும் மாத்திரை, தண்ணீர் கொண்டுபோக எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம்.

செலவுக்கு என்ன வழி?

குழு சேமிப்பையோ சுழல்நிதியையோ இதற்காகத் தொடக்கூடாது. உள்கடன் வாங்கியும் போக வேண்டாம். மாசம் 50 ரூபாய் தனியாகக் கட்டினால் வருசத்துக்கு ஒருவருக்கு 600 ரூபாய். 15 பேர் உள்ள குழுவுக்கு 9,000 ரூபாய் சேர்ந்துவிடும். இந்தக் கணக்கைத் தனி நோட்டில் எழுதுங்கள். கட்ட முடியாத உறுப்பினரை வற்புறுத்தவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டிப் பேசுங்கள். எல்லோரும் சம்மதித்தால் தீர்மானம் எழுதி, இந்த மாசமே முதல் 50 ரூபாயைக் கட்டத் தொடங்குங்கள்.