விற்ற வீடும் விடாத தறியும்

பூர்விக வீட்டை ஒருவன் விற்றான் என்று கேள்விப்பட்டால், "ஐயோ பாவம், என்ன கஷ்டமோ!" என்றுதான் நம் ஜனங்கள் முதலில் பரிதாபப்படுவார்கள். கடன்பட்டவனும் ஊதாரியுமே வீட்டை விற்பார்கள் என்பது நம்மவரின் பழைய அபிப்பிராயம். ஆரணியில் மூன்று தலைமுறையாக நம் குடும்பத்தார் வாழ்ந்த வீட்டுக்குக் கிரயம் பேசத் தொடங்கியபோது நமக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. ஆனால் கடன் ஒன்றும் இல்லை. உடன்பிறந்தார் மூவர், வீடோ ஒன்று. குறுகி நீண்ட அந்த மனையை மூன்றாக அறுத்தால் ஒருவருக்கும் உபயோகப்படாது. விற்றுப் பணமாகப் பிரித்துக்கொள்வதே வழி என்று முடிவாயிற்று.

விற்பதற்குச் சம்மதிப்பதில் அவ்வளவு தாமதம் இல்லை. அடுத்தபடி எங்கே போவது என்பதில்தான் சங்கடமெல்லாம் வந்தது. ஏனெனில், அந்த வீட்டுக்குள் ஒரு தறி இருந்தது.

கமண்டல நாக நதிக்கரையில் உள்ள ஆரணி, பட்டு நெசவுக்குப் பேர் போன ஊர் என்பதை நேயர்கள் அறிவார்கள். இங்கே முதலில் தறியை நாட்டி, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்களோ என்று நினைக்கத் தோன்றும். கூடத்துத் தரையில் ஒரு குழி. அதன் விளிம்பில் அமர்ந்து, கால்களை உள்ளே விட்டு, மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கிறார் நெசவாளர். தலைக்குமேல் ஜக்கார்டுப் பெட்டி நிற்பதால் கூரை உயரமாக இருக்க வேண்டும். இழை அறுந்தால் கண்டு முடிச்சிட நல்ல வெளிச்சம் வேண்டும். பாவை நீட்டிச் சீர் செய்ய வீட்டுக்குள் இடம் போதாது. விடியற்காலையில் தெருவே அதற்கு இடம். அண்டை வீட்டாரின் கைகளும் அதற்கு வேண்டும். ஆகவே நெசவாளருக்குத் தெருவும் தம் வீட்டின் ஒரு கட்டுத்தான்.

நாம் கலாசாலைப் படிப்புப் படித்து உபாத்தியாயராகப் போனவர். தமையனாரும் அண்ணியும் தறியை விடவில்லை. அவர்கள் மகன் சென்னையில் உத்தியோகம் பார்க்கிறான். "இனி எதற்கு அப்பா இந்தப் பாடு? வந்த பணத்தில் இங்கே ஒரு மாடிக் குடியிருப்பு வாங்கி என்னோடு இருங்கள்" என்று அவன் அழைத்தான். அன்போடு சொன்ன வார்த்தை; தள்ளிவிடக் கூடியது அன்று. ஆனால் மூன்றாம் மாடியில் குழி தோண்ட முடியுமா? குழியில்லாத சட்டத் தறிகளும் உண்டு என்பது வாஸ்தவமே. தறியை அப்படி மாற்றிக்கொண்டாலும், பாவு நீட்டத் தெருவையும் கை கொடுக்க அண்டை வீட்டாரையும் அங்கே எப்படிக் கொண்டுபோவது?

இதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. 1999ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2003ல் அமலுக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் கீழ் ஆரணிப் பட்டு பதிவு பெற்றிருக்கிறது. அந்தப் பெயர் தனி ஒருவருடைய சொத்தன்று. குறிப்பிட்ட பிரதேசத்தில் உற்பத்தியாகும் துணிக்கே உரியது. அதே கைகள் அதே பட்டையும் சரிகையையும் கொண்டு சென்னையில் நெய்தாலும், அதை ஆரணிப் பட்டு என்று விற்கச் சட்டம் இடம் தராது. தமையனார் ஊரை விட்டால் அவர் துணியும் தன் பெயரை விட்டுவிட வேண்டியதுதான்.

அடுத்தது பங்கு விஷயம். பூர்விகச் சொத்தில் பெண்மக்களுக்கும் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாட்டில் 1989லும், தேசம் முழுவதற்கும் 2005லும் சட்டம் வந்தது. 2005ல் தந்தை உயிரோடு இருந்தாரா என்பதைப் பொறுத்ததன்று அவ்வுரிமை என்று உச்ச நீதிமன்றம் 2020ல் தெளிவாக்கியது. எனவே தங்கையின் கையெழுத்து இல்லாமல் கிரயம் இல்லை. "என் பாகம் எனக்கு வேண்டும், அண்ணா. ஆனால் தறி போட இடம் அமையும் வரையில் எனக்கு அவசரம் இல்லை" என்றாள் அவள். நியாயமும் பாசமும் ஒரே பேச்சில் இருந்தன.

செலவுக் கணக்கையும் பார்த்தோம். வீடு விற்ற லாபத்தைக் கொண்டு இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினாலும், மூன்று வருஷத்துக்குள் கட்டிக்கொண்டாலும், வருமான வரியில் விலக்குப் பெறலாம். ஆனால் வாங்கும் பத்திரத்துக்கு, 2023 முதல், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாகப் பொதுவாக நூற்றுக்கு ஒன்பது ரூபாய் ஆகிறது. தற்காலிகமாக ஓரிடம், பிறகு நிரந்தரமாக வேறிடம் என்று இருமுறை வாங்கினால் இருமுறை கொடுக்க வேண்டும். ஆகையால் ஒரே தடவையில் சரியான இடத்தைத் தேர்ந்தெடுப்பது அவசியமாயிற்று.

இந்தச் சமயத்தில் நம் மனத்துக்கு வந்தது ஒரு பழைய சாஸனம். குப்தர் காலத்தில், லாட தேசத்துப் பட்டு நெசவாளர் சங்கத்தார் தங்கள் ஊரை விட்டுத் தசபுரத்தில், அதாவது இன்றைய மத்தியப் பிரதேசத்து மண்டசோரில், குடியேறினார்கள். கி. பி. 437 அளவில் அங்கே சூரியனுக்கு ஓர் ஆலயம் எழுப்பி, 473 அளவில் அதைப் பழுது பார்த்தார்கள். வத்ஸபட்டி என்னும் கவி இயற்றிய அந்தச் சாஸனம், அவர்களில் சிலர் வில் வித்தையிலும், சிலர் ஜோதிடத்திலும், சிலர் கதை சொல்வதிலும் தேர்ந்தார்கள் என்றும் கூறுகிறது. தொழில் மாறியவர்களையும் சங்கம் தன்னவராகவே வைத்துக்கொண்டது. தறியை விட்ட நமக்கு இது ஓர் ஆறுதல்.

நெசவாளர் வீட்டை விட்டுப் பெயர்வது புதிதன்று, அவமானமும் அன்று. ஆனால் அவர்கள் தனித்தனியே சிதறிப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கூட்டமாகப் போனார்கள், ஆதலால் அவர்களோடு தறியும் போயிற்று.

இதை வைத்தே முடிவு செய்தோம். ஆரணியை விடாமல், தறிகள் உள்ள ஒரு தெருவின் கோடியில் சிறு மனை ஒன்று பார்த்தோம். மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறினால் வேலை நின்றுவிடுமாதலால் மேட்டு நிலமாகத் தேர்ந்தெடுத்தோம். பழைய வீட்டைவிடச் சிறியதுதான். தங்கையின் பாகத்தைப் பத்திரம் பதிவான அன்றே கொடுத்துவிட்டோம். நமது பாகத்தில் ஒரு பகுதி தமையனாரிடம் கைமாற்றாக இருக்கிறது.

1905 ஆகஸ்டு 7ஆம் தேதி சுதேசி இயக்கம் தொடங்கியதன் நினைவாக, 2015 முதல் அதே தேதியில் தேசியக் கைத்தறி தினம் கொண்டாடுகிறோம். கொண்டாட்டம் வேண்டியதே. அதனுடன், ஊர் விரிவடைந்து புது மனைகள் பிரிக்கும்போது, பாவு நீட்டத் தக்க தெருவும், தரையில் தறிக்குழி போட இடமுள்ள வீடும் நெசவாளருக்குக் கிடைக்கும்படி செய்தால், அது அந்தத் தேதிக்குச் செய்யும் உண்மையான மரியாதையாகும்.

தமையனாருக்குப் பிறகு அந்தத் தறியில் யார் அமர்வார் என்று கேட்டால் நம்மிடம் விடை இல்லை. பழைய வீட்டிலிருந்து அச்சும் விழுதும் தறிமரங்களும் வண்டியேறின. குழி மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. புது மனையில் சுவர் எழுப்பு முன்பே, குழிக்கு எந்த இடம் என்று அண்ணி கோடு கிழித்துக் காட்டினார். இப்போது அந்தக் குழியில் வேலை நடக்கிறது.