பூட்டிய கதவும் பொறுப்பாளர் கடமையும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையாயினும் பொதட்டூர்ப்பேட்டைத் தறிக்கூடமாயினும், நூலில் தீப்பற்றினால் அவகாசம் சில நிமிடங்களே. 1911-இல் நியூயார்க் நகரின் டிரையாங்கிள் ஆடைச்சாலையில் 146 பேர் மாண்டனர். அங்கே ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. திருட்டுக்கு அஞ்சிப் பூட்டினராம்!

நமது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இயற்றப்பட்டபோதே அதன் 38-ஆம் பிரிவு, ஆட்கள் உள்ளிருக்கையில் வெளிவாயில் உள்ளிருந்து உடனே திறக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டுமென விதித்தது. அவசர வாயிலைக் குறிக்கும் சிவப்பெழுத்து, பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியில் அமைய வேண்டுமென்றும் கூறிற்று. தவறினால் உடைமைப் பொறுப்பாளர், மேலாளர் இருவருமே குற்றவாளிகள் என்றும் அச்சட்டம் வகுத்திருந்தது.

மொழி பற்றிய விதியே நம் சிந்தைக்குரியது. கும்மிடிப்பூண்டியில் இன்று ஒடிசா, பீகார்த் தொழிலாளர் பலர். தமிழ்ப் பலகை மட்டும் அவர்களுக்கு எவ்வாறு வழிகாட்டும்? நூற்கிடங்கு வைத்துள்ள நம் சங்கத்தாரும் இதனை எண்ணுக. சாவி காவலாளியின் இடுப்பிலிருக்க, தீயணைப்புக் கருவி பத்திருந்தும் என்ன பயன்? இரவு முறை தொடங்குமுன் மேலாளரே ஒவ்வொரு கதவையும் உள்ளிருந்து தள்ளிப் பார்த்தல் வேண்டும் என்கிறோம்.