கூடிப் போவோம், கூடித் திரும்புவோம்!

சனிக்கிழமை மாலை. கோவை காந்திபுரத்தில் பூண்டிக்குப் போகும் பஸ் நிற்கிறது. பத்துப் பேர் கொண்ட ஒரு கூட்டம் அதில் ஏறுகிறது. எல்லோர் தோளிலும் பை. பையில் கம்பளி. ஒருவர் கையில் தூக்குப்போசி நிறையக் கட்டுச்சோறு.

இவர்கள் எங்கே போகிறார்கள்? வெள்ளியங்கிரி மலைக்கு!

கூட்டத்தில் மில் தொழிலாளி இருக்கிறார். லேத் பட்டறைக்காரர் இருக்கிறார். தறி ஓட்டுகிறவர் இருக்கிறார். முதல் தடவையாக மலை ஏறும் ஒரு கல்லூரி மாணவனும் இருக்கிறான்.

"ஏனுங்க மாமா, உச்சிக்கு எப்பப் போய்ச் சேருவோமுங்க?" என்று கேட்கிறான் மாணவன்.

"விடியறதுக்குள்ளே போயிடலாம் கண்ணு. ஆனா நீ முன்னாலே ஓடக் கூடாது. எல்லோரும் சேர்ந்துதான் போகோணும்" என்கிறார் பெரியவர்.

பெரியவர் சொன்னது சின்ன வார்த்தை. ஆனால் மலை ஏறுகிறவர்களுக்கு அதுதான் முதல் பாடம்.

ஏழு மலைப் பாதை

கோவைக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது வெள்ளியங்கிரி. அடிவாரம் பூண்டி. ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் மே வரை பக்தர்கள் மலை ஏற வனத்துறை அனுமதிக்கிறது.

ஏழு மலைகளைத் தாண்டினால் உச்சி. அங்கே பாறைகளுக்கு நடுவே ஒரு குகை. அதற்குள் சுயம்பு லிங்கம். ஈசனைக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தால், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மலைகள்தான்!

உச்சிக்குச் செல்லும் வழி சுமார் 6 கிலோமீட்டர். 'இவ்வளவுதானா? டவுன்ஹாலில் இருந்து பேரூர் போகிற தூரம்தானே!' என்று நினைக்காதீர்கள். பேரூர் சாலை சமதளம். இதுவோ செங்குத்து!

முதல் மலையிலேயே கல் படிகள் மூச்சு வாங்க வைத்துவிடும். வெள்ளை விநாயகர் கோவிலை அடைந்த பிறகுதான் பலருக்கும் மூச்சு வரும். பிறகு பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை என்று வழி நீளும். ஆறாவது மலையில் ஆண்டிச் சுனை. அதன் குளிர்ந்த நீரில் குளித்துவிட்டு ஏழாவது மலை ஏறுவார்கள்.

கம்பளி எதற்கு?

'கோவையில் வெயில் கொளுத்துகிறது. கம்பளி எதற்கு?' என்று சிலர் கேட்பார்கள்.

கோவை நகரம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெள்ளியங்கிரியின் உயரம் சுமார் 1,780 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி சூடு குறையும். ஆகவே உச்சியில் கோவையை விட 8 டிகிரி குறைவாக இருக்கும். வேர்த்து நனைந்த உடம்பில் மலைக்காற்று பட்டால் கிடுகிடு என்று நடுங்கும்!

கம்பளி, டார்ச் லைட், குடிதண்ணீர், கட்டுச்சோறு, கடலை மிட்டாய் இவை போதும். அடிவாரத்தில் ஒரு மூங்கில் தடி வாங்கிக்கொள்ளுங்கள். ஏறும்போது அது துணை. இறங்கும்போது அது உயிர்! ஏறும்போது மூச்சு வாங்கும்; இறங்கும்போதோ முழங்கால் நடுங்கும். அப்போது தடிதான் மூன்றாவது கால்.

பிளாஸ்டிக் குப்பையைக் காட்டில் போடாதீர்கள். கொண்டுபோன பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

யார் ஏறக் கூடாது?

இதய நோய், மூச்சுத் திணறல், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக் கூடாது. 2024-ஆம் ஆண்டில் வெள்ளியங்கிரி ஏறிய பக்தர்களில் பலர் வழியிலேயே உயிர் இழந்தார்கள். வீட்டில் இருந்து சிரித்த முகத்தோடு புறப்பட்டவர்கள் அவர்கள்!

நடக்கும்போது நெஞ்சு இறுகுகிறதா? இடது கை வலிக்கிறதா? குளிர்ந்த வேர்வை கொட்டுகிறதா? உடனே உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்று வீம்புக்கு ஏறாதீர்கள். மலை எங்கும் ஓடிப் போகாது. அடுத்த ஆண்டும் அங்கேதான் இருக்கும்!

குரங்கணியில் நடந்தது என்ன?

கூட்டமாகப் போனால் மட்டும் போதுமா? போதாது. அதற்கு ஒரு துயரச் சம்பவமே சாட்சி.

2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம். தேனி மாவட்டம் குரங்கணி மலைக்கு இரண்டு குழுக்கள் போயின. ஒரு குழு சென்னையில் இருந்து வந்தது. மற்றொன்று நம் ஈரோடு, திருப்பூர் பக்கத்தில் இருந்து போனது. கொழுக்குமலையில் இரவு தங்கினார்கள். மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, கீழே இறங்கினார்கள்.

அப்போது காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது! கோடையில் காய்ந்த புல். பலத்த காற்று. சரிவில் தீ மேல்நோக்கி மிக வேகமாகப் பாயும். மேலே எழும் வெப்பம், மேலே உள்ள புல்லை முன்னதாகவே காய்ச்சி விடுகிறது. அதனால்தான் அந்த வேகம். மனிதன் ஓடி அதை முந்த முடியாது.

கோவை சூலூரில் இருந்து விமானப் படை ஹெலிகாப்டர்கள் பறந்து சென்றன. ஆனாலும் மொத்தம் 23 உயிர்கள் பறிபோயின. அவர்கள் சென்ற பாதைக்கு முறையான அனுமதி இல்லை என்று அரசு சொன்னது.

அதன் பிறகு 2018-லேயே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. அனுமதி வேண்டும். பாதை தெரிந்த வழிகாட்டி வேண்டும். தீ பரவும் கோடைக் காலத்தில் பல பாதைகளை வனத்துறை மூடிவிடும்.

குடும்பத்தோடு போகலாமா?

போகலாம்! 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, முன்பதிவு செய்து போக வழி செய்தது. மலைவாழ் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக நியமித்தது. காட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு யானையின் வாடை தெரியும். எந்தப் புதரில் என்ன அசைகிறது என்பது தெரியும்.

வெள்ளியங்கிரி உச்சிக்கு ஆண்களே மிகுதியாகப் போவது வழக்கம். பெண்களும் பிள்ளைகளும் மலை பார்க்க ஆசைப்பட்டால், நம் மாவட்டத்திலேயே சாடிவயல், டாப்சிலிப் பகுதிகளில் பாதைகள் இருக்கின்றன.

'காட்டில் கூடாரம் அடித்துத் தங்கலாமா?' என்று இளைஞர்கள் கேட்பார்கள். அனுமதி இல்லாமல் கூடவே கூடாது! இரவில் காடு யானைக்கும் சிறுத்தைக்கும் சொந்தம். டாப்சிலிப்பில் வனத்துறையின் ஓய்வு விடுதிகள் இருக்கின்றன. முன்பதிவு செய்து அங்கே தங்கலாம்.

நினைவில் வையுங்கள்

கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் எவரோ, அவர் நடைதான் எல்லோருக்கும் நடை. பாதை தெரிந்த ஒருவர் முன்னால் போகட்டும். அனுபவசாலி ஒருவர் கடைசியில் வரட்டும். அவருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. தங்கும் இடம்தோறும் தலையை எண்ணுங்கள். ஒருவரால் முடியவில்லை என்றால் அவரைத் தனியே கீழே அனுப்பாதீர்கள். இன்னொருவர் கூடவே இறங்க வேண்டும்.

ஞாயிறு மாலை. பூண்டி பஸ் காந்திபுரம் திரும்புகிறது. கால் வலியோடு, முகம் நிறையச் சிரிப்போடு பத்துப் பேரும் இறங்குகிறார்கள். மாணவன் வீட்டுக்குப் போகிறான். அம்மா வாசலிலேயே நிற்கிறாள். உச்சிக்கு முதலில் போனது யார் என்று அவள் கேட்கவில்லை.

"எல்லோரும் பத்திரமா வந்தாச்சா கண்ணு?" என்றுதான் கேட்கிறாள்.

"வந்தாச்சும்மா!"